நாற்பது வெள்ளி

குளிர்சாதன ரிமோட்டுக்கு
இரண்டு பேட்டரி தேடித்தான்
அந்த இழுப்பறையைத் திறந்தேன்.
பிரிக்காத சில்லி சாஸ் பொட்டலங்கள்,
எந்தப் பூட்டினது என்று தெரியாத சாவி,
காலியான அங்பாவ் உறைகள்.
அடியில்
ரப்பர் வளையம் போட்ட
ஒரு சின்னச் சீட்டுக்கட்டு.

டிசம்பரில் வந்த அன்பளிப்பு அட்டைகள்.
அலுவலகக் குலுக்கலில் விழுந்தது,
எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாத
நாத்தனார் வைதேகி தந்தது.
வந்த அன்றே எல்லாவற்றையும்
பத்திரமாக வைத்தேன்.
பத்திரமாக வைத்த எதுவும்
என் வீட்டில் மறுபடி கிடைத்ததில்லை.

ஐந்தில் மூன்று
மார்ச்சிலேயே செத்திருந்தன.
நான்காவது காப்பிக் கடைக்கு, செப்டம்பர் வரை.
ஐந்தாவது காலணிக் கடைக்கு. நாற்பது வெள்ளி.
பின்னால் மஞ்சள் ஒட்டுத்தாளில்
ஹுவீ லிங்கின் சாய்ந்த எழுத்து:
"அந்தச் செருப்பைப் பாவம், விட்டுவிடேன்."
அவள் எழுதியது ஆங்கிலத்தில்.
எனக்குக் கேட்டது இப்படித்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
அவளை அறைக்குள் கூப்பிட்டார்கள்.
பத்து நிமிடம்.
வெளியே வந்து
கள்ளிச்செடியை அட்டைப்பெட்டியில் வைத்தாள்.
ஸ்டேப்ளரை எனக்குக் கொடுத்தாள்.
அடுத்த வாரம் சாப்பிடப் போகலாம் என்றேன்
மின்தூக்கிக் கதவு மூடும்போது.
அந்த அடுத்த வாரம்
இன்னும் வரவில்லை.

காலாவதி: ஜூன் முப்பது.
இன்று ஜூன் முப்பது.
மணி எட்டு ஐம்பது. வெளியே மழை.

ஈசூன் கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில்
பாதி இறங்கிய இரும்புக் கதவின் கீழே
குனிந்து நுழைந்தேன்.
ஆறு மாதம் அசையாதவள்
ஆறு நிமிடத்தில் தேர்ந்தெடுத்தேன்:
சாம்பல் நிறம், தட்டையான அடி,
ஐம்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.

காசாளர் பையன் டேனிஷ்
அட்டையைத் தேய்த்தான், துடைத்தான், மறுபடி தேய்த்தான்.
"காசில்லை ஆன்ட்டி."
நாள் முடிந்துவிட்டதா என்றேன்.
"இல்லை. விற்ற அன்றைக்கே
யாரோ ஆக்டிவேட் செய்ய மறந்திருக்கிறார்கள்.
அப்போதே வந்திருந்தால்...
ரசீது இருக்கிறதா?"

ஜனவரியில் இருந்திருக்கும்.
டிசம்பர் கூட்டத்தில் வரிசையில் நின்று
எண்ணிக் கொடுத்த பணம்
எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பது
அவளுக்குத் தெரியாது.
ரசீதைக் கேட்கலாம்தான்.
வேலை தேடிக்கொண்டிருப்பவளிடம்
உன் பரிசு காலியாக இருந்தது என்று
எந்த வாயால் சொல்வது?
அதுவும் நான்,
அரையாண்டு அதை
சில்லி சாஸின் கீழே புதைத்தவள்.

முழுப்பணமும் கட்டினேன்.
டேனிஷ் அட்டையைக் குப்பைக்கூடைக்கு நீட்ட,
வேண்டாம், கொடு என்றேன்.

பேருந்து நிறுத்தத்தில்
ஈரத் தரையில் பாதங்களைச் சேர்த்து வைத்துப் படமெடுத்தேன்.
அனுப்பினேன்:
"உன் அட்டையில் வாங்கியது."
நீலக் கோடுகள் உடனே விழுந்தன.
எழுதுகிறாள்,
நிறுத்துகிறாள்,
எழுதுகிறாள்.
இரண்டு பேருந்துகளை விட்டேன்.
"அப்பாடா. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்."

எதை என்று அவளும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.
வியாழன் மாலை ஏழு மணி என்று எழுதினேன்,
காப்பிக் கடையின் பெயரையும் போட்டு.
அந்த அட்டையிலாவது
காசு இருக்க வேண்டும்.

பதினோராம் மாடிக்கு ஏறிவந்து
கதவைத் திறக்கும்போதுதான் தெரிந்தது,
பேட்டரி வாங்கவில்லை.
புதுச்செருப்பு
இடது குதிகாலை நன்றாகவே கடித்திருந்தது.
விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.