நீர் நுழையும் வழி

வலக்கால் கீழே இறங்கும் இடத்தில்
ஒரு கடக்.
குருசுக்குப்பம் தொட்டியிலிருந்து கடைசி வால்வு வரை
முந்நூற்றுப் பத்து கடக்
எண்ணியிருக்கிறேன்.

நெல்லித்தோப்பில் பழைய இரும்புக் கடையில்
எடைபோட்டு வாங்கிய வண்டி.
கிலோ நாற்பத்திரண்டு.
மணியைக் கழற்றி வைத்துக்கொண்டார் கடைக்காரர்,
பித்தளையாம், விலை தனியாம்.
கழுத்தில் பேர்த்தகடு இருந்த இடத்தில்
இரண்டு ஆணித்துளை.

மூன்று நாள் மழை.
நான்காம் நாள் பெரிய வாய்க்கால் தெருவுக்கு ஏறியது.
பெடல் முங்க முங்க மிதித்துப் போய்
வால்வைத் திறந்துவிட்டு வந்தேன்.
தெருவெல்லாம் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று
திட்டினார்கள்.
கடக், கரக் ஆகியிருந்தது.

தினத்தாள் விரித்து வண்டியைக் கவிழ்த்தேன்.
காட்டர் பின் இரண்டும்
ஓர் இரவு மண்ணெண்ணெய்க்கு மசிந்தன.
இடக் கப் சொன்னபடி வந்தது.
வலக் கப்புக்கு மறை தலைகீழ்,
வலஞ்சுழியாகத் திருப்பு, கழலும்;
ஊருக்கே தெரிந்த கணக்கு.
திருப்பினேன்.
ஸ்பேனரில் குழாய் செருகி, ஏறி நின்று திருப்பினேன்.
என் தோள் கொஞ்சம் கழன்றது,
கப் அசையவில்லை.

பிறகுதான் உறைத்தது.
இது பிரெஞ்சுக்காரன் வண்டி.
இரண்டு பக்கமும் அவனுக்கு ஒரே மறை.
அரைமணி நேரமாக நான்
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.
எதிர்ப்பக்கம் ஒரு தட்டு.
முனகிக்கொண்டே வந்தது.

பழுப்புத் தண்ணீர், நாலு கரண்டி.
பால்ஸ் இடப்பக்கம் பதினொன்று,
வலப்பக்கம் பத்து.
இல்லாத அந்த ஒன்றைத்தான்
இத்தனை நாள் எண்ணியிருக்கிறேன் போல.

குழலுக்குள் விரலை விட்டேன்.
வழுவழுவென்று ஏதோ சுருண்டிருந்தது.
சீட்டுத் தண்டு வழியே இறங்கும் நீர்
பால்ஸைத் தொடாதபடி
யாரோ பிலிம் வெட்டிச் சுருட்டிச் செருகிய உறை.
கிரீஸைத் துடைத்து
பல்புக்கு நேரே பிடித்தேன்.

விலா எலும்பு.
நாலு முழுசாக, ஐந்தாவதில் பாதி.
அளந்து வெட்டியிருக்கிறார்கள்,
ஒரு நூல் கூடக் குறைய இல்லை.
மூலையில் ஜி என்று ஓர் எழுத்து.
குணபூஷணமா, ஜெர்மேனா, கௌசல்யாவா
என்று நான் பேர் வைத்துக்கொண்டிருக்க,
மாடியில் துணி எடுக்க வந்த பிலோமின்,
சொல்தா வீட்டுப் பெண்,
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.
“பேர் இல்லண்ணா. கோஷ். எடதுன்னு அர்த்தம்.
இந்தப் பக்கம்” என்று
ஈரப் பாவாடை பிடித்த கையாலேயே
தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அப்படியானால் ஓரத்தில் வெளிறித் தெரிகிற அது.

எதற்கு எடுத்த படமோ.
இருமலுக்கா, விழுந்ததற்கா,
பட்டாளத்தில் சேரவா.
பார்த்துவிட்டு டாக்டர் என்ன சொன்னார்,
எத்தனை நாள் கழித்துக்
கத்தரி எடுத்தார்கள்.

பழைய ட்யூபில் இரண்டு வளையம் அறுத்து
அச்சின் இரு முனைக்கும் மாட்டினேன்.
குழலின் அடியில் ஊசிமுனைத் துளை போட்டேன்.
இருபது வருஷமாக நான் பார்க்கிற வேலை இது;
எதை அடைத்தாலும் தண்ணீர் வரும்,
வந்தது போக வழி வை.

பால்ஸ் டஜன் கணக்கில்தான் தருவார்கள்.
இரண்டு டஜன், இரண்டு மிச்சம்.
கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதித்தேன்,
பதினொன்று, பதினொன்று.
இறுக்கி, மயிரிழை தளர்த்தி,
வளையத்தைப் பூட்டினேன்.

உறைக்கென்று கோலா பாட்டில் ஒன்று
வெட்டி வைத்திருந்தேன்.
அது இன்னும் சன்னல்மேல் இருக்கிறது.
பிலிமில் ஓரம் மட்டும்தான் உரிந்திருந்தது.
விரலை எடுத்தால்
தானே பழைய வளைவுக்குப் போனது.

விடிகாலை நாலேகால்.
வால்வுச் சாவியைப் பாரில் கட்டிக்கொண்டு மிதித்தேன்.
சத்தமில்லை.
சோலை நகர் திரும்புகிறவரை
எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் போனேன்.
சட்டைப் பையில்
மிச்சமான இரண்டும்
மெல்ல இடித்துக்கொண்டு வந்தன.