எண்ணாத மூச்சு

செவ்வாய் பின்னேரம் ஐந்தரை.
மீன் சந்தைக்குப் பின்னால் முன்பள்ளிக் கட்டடம்.
குட்டிக் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப்
பதினொரு பாய் விரிக்கிறேன்.
சுவரில் அ அணில், ஆ ஆமை.
ஆமைக்குக் கீழே எப்போதும் எமிலியானின் பாய்.

முந்நூறு மணித்தியாலம் படித்துச்
சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பியவள் நான்.
பூரகம் நாலு, கும்பகம் பதினாறு, ரேசகம் எட்டு.
வாய்ப்பாடு மாதிரிச் சொல்வேன்.
விரல் மடக்கிக் கணக்கு வைப்பேன்.

எமிலியான் சங்கு குளித்தவன். பாலையூற்றுக்காரன்.
முதலில் வெறும் மூச்சில், பிறகு சிலிண்டர் கட்டி.
ஒருநாள் அவசரப்பட்டு மேலே வந்ததில்
இடது கால் இப்போது தாமதமாய்த்தான் சொல் கேட்கும்.
முதல் வகுப்பிலேயே கேட்டான்:
"பதினாறு எண்ணினா என்ன வரும், மிஸ்?"
மனம் ஒடுங்கும் என்றேன்.
"கீழ எண்ண ஏலாது," என்றான்.
"எண்ணத் தொடங்கினா பயந்திட்டம் எண்டு அர்த்தம்.
பிறகு சங்கு கண்ணில படாது."
நான் சிரித்துவிட்டு
ஒன்று, இரண்டு, மூன்று என்றேன்.

ஜெசீமா ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி.
ஓம் சொல்லும்போது வாய் திறப்பதில்லை.
நான் கேட்டதுமில்லை.
ஒருநாள் தேனீ மூச்சுப் பழகும்போது
காதிரண்டையும் பொத்திக்கொண்டு
'ம்' என்று இழுத்தாள் பாருங்கள்,
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
மற்றவர்களின் ஓமும் கடைசியில்
அந்த 'ம்'மில் வந்துதான் கரை தட்டுகிறது.
என் குறிப்புக் கொப்பியில் இது இல்லை.

பிறகு அந்தச் செவ்வாய்.
கடைசிப் பத்து நிமிஷம்.
"சவாசனம்," என்றேன் பயிற்சியில் பழகிய குரலில்.
"கண்ணை மூடி, பிணம் போலக் கிடவுங்கள்."
மூன்றாம் பாயிலிருந்து தங்கேஸ்வரி எழும்பினா.
பாயைச் சுருட்டவில்லை.
செருப்பை இடம்வலம் மாறிப் போட்டுக்கொண்டு போனா.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மின்விசிறி மட்டும் கறகறத்தது.

இந்த ஊரில்
மல்லாந்து கிடந்தவர்களின் முகங்களை
ஒவ்வொன்றாய்க் குனிந்து பார்த்து நடந்தவர்கள்
என் பாய்களில் எத்தனை பேர் என்று
நான் எண்ணியிருக்கவில்லை.
மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு சூத்திரப் புத்தகத்தைத் திறந்தேன்.
விருத்தி, நிரோதம்,
எல்லாவற்றுக்கும் மஞ்சள் கோடு போட்டிருந்தது.
ஓரத்தில் என் கையெழுத்தில் 'முக்கியம்'.
யாருக்கு?
மூடி வைத்துவிட்டுக் கோட்டைப் பக்கம் நடந்தேன்.
மைதான ஓரத்தில் மான்கள்.
ஒன்று தேர்தல் போஸ்டரின் மூலையை
நிதானமாய்ச் சப்பிக்கொண்டிருந்தது.
அதன் விலா ஏறியது, இறங்கியது,
இடையில் கொஞ்சம் சும்மா இருந்தது.
அந்தச் சும்மாவுக்கு எண் இல்லை.
நானும் நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
முதல்தடவையாகத் தெரியாது.

அடுத்த செவ்வாய் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
"கரையில இழுத்து வைச்ச தோணி மாதிரிக் கிடவுங்கோ.
கண்ணை மூடினாலும் சரி, திறந்திருந்தாலும் சரி."
"தோணிக்குக் கண் இருக்கோ, மிஸ்?" என்றது ஒரு குரல்.
சிரிப்பு ஒரு பாயிலிருந்து மறுபாய்க்குப் போய் அடங்கியது.

தங்கேஸ்வரி வந்திருந்தா.
கிடக்கவில்லை.
பிள்ளைகளின் குட்டிக் கதிரையொன்றை இழுத்துக்
கதவோரம் முழங்கால் மடித்து உட்கார்ந்து
கிடந்த பத்துப் பேரையும் பார்த்துக்கொண்டிருந்தா,
ஒவ்வொரு நெஞ்சாக,
ஏறுவதை.
இறங்குவதை.
திரும்ப ஏறுவதை.

தூரத்தில் மலைக்கோயில் மணி, அதற்குள் ஒரு பஸ்ஸின் ஹோர்ன்.
எமிலியான் குறட்டை விடத் தொடங்கினான்.
எழுப்பவா என்று கண்ணால் கேட்டேன்.
வேண்டாம் என்று தலையசைத்தா.

காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு
இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டான்.