நாலாவது சீட்

மூன்று பேருக்கென்று அடித்த பலகை.
"ஸரகா நா" என்றதும் மூவரும்
மூச்சை உள்ளே இழுத்து
ஒரு சாண் தருவார்கள்.
அந்தச் சாணில்தான் பதினேழு வருஷம்
அம்பர்நாத்திலிருந்து மஸ்ஜித் பந்தர் வரை போனேன்.
இடது பாதி பலகையில்,
வலது பாதி பம்பாய்க் காற்றில்.

முதலில் ஒரு எட்டணா அளவு.
யாரோ நாணயத்தை உள்ளே வைத்துத்
தைத்துவிட்ட மாதிரி.
பிறகு அது இறங்கியது,
தொடையின் பின்பக்கமாய், கெண்டைக்கால் வரை,
கசியும் பழைய வயர்போல.
ஷிப்பிங் பில்களை நின்றபடி சரிபார்த்தேன்.
ஆபீஸில் கேட்டார்கள்.
"இடுப்பு வலி" என்றேன்.

பொய்.
அந்த இடத்துக்கு
நாலு பேர் முன்னால் சொல்ல
என்னிடம் வார்த்தை இல்லை.
தமிழில் ஒன்று கெட்ட வார்த்தை,
இன்னொன்று பாடப்புத்தகம்.
ஹிந்தியில் சிரிப்பார்கள்.
மராத்தியில் சொன்னால் பெட்டியே திரும்பிப் பார்க்கும்.
டாக்டர் பாலேராவிடமும் "கமர்" என்றுதான் சொன்னேன்.
அவர் கமரைப் படம் எடுத்தார்.
தட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கு என்றார்,
உங்கள் வயதில் நிறையப் பேருக்கு இருக்கும் என்றும்
அவரே சொன்னார்,
பெல்ட் எழுதிக் கொடுத்தார்.
பெல்ட்டுக்குள் வயிறு வெந்தது.
வலி ஒரு மாடி கீழே இருந்துகொண்டு
மேல்வீட்டில் யாரோ கதவு தட்டுவதைக்
கேட்டுக்கொண்டிருந்தது.

டோம்பிவிலியில் அனகா தேவ்ருக்கர்,
ஃபிசியோ. என் மூத்தவளைவிட
நாலைந்து வயது கூட இருக்கும்.
"பேர் சொல்ல வேண்டாம், விரலால் காட்டுங்க."
காட்டினேன்.
மல்லாக்கப் போட்டு, முழங்காலை மடக்கி,
எதிர்த்தோள் பக்கமாய்த் தள்ளினாள்.
நான் கத்தியது பிளாட்பாரம் வரை கேட்டிருக்கும்.
"அதேதான்" என்றாள்,
தொலைந்த சாவி கிடைத்தவள்போல.

பேரிக்காய் வடிவத்தில் ஒரு தசையாம்.
முதுகெலும்பின் அடியிலிருந்து
தொடையெலும்பின் தலைக்குக் குறுக்கே கிடக்கிறது.
அதற்குக் கீழே, சுண்டுவிரல் தடிமனில் நரம்பு.
சிலருக்குத் தசையைத் துளைத்துக்கொண்டே போகுமாம்.
தசை இறுகினால் நரம்புக்கு இடமில்லை.
பாவம், அது எத்தனை காலமாய்
ஸரகா நா, ஸரகா நா என்றதோ.
எனக்குத்தான் கேட்கவில்லை.

ஊசி இருக்கு, பிறகு பார்க்கலாம்.
கத்தி அநேகமாய் வேண்டியிருக்காது.
கால் துவண்டாலோ,
மூத்திரம் உங்களைக் கேட்காமல் போனாலோ
என்னிடம் வராதீங்க, நேரே ஆஸ்பத்திரி.
மற்றபடி
அரைமணிக்கொரு தரம் எழுந்து நடங்க,
வெந்நீர்ப் பை வைங்க,
தரையில் படுத்து, வலிக்கிற காலின் கணுக்காலை
மற்ற முழங்கால்மேல் போட்டு
தொடையை நெஞ்சுக்கு இழுங்க. முப்பது எண்ணுங்க.
இழுக்கணும், வலிக்கக்கூடாது.
"மேலேயிருந்து பார்த்தா நாலு மாதிரி இருக்கும்."

நாலு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவளுக்குப் புரியவில்லை. ஸ்கூட்டியில் வருகிறவள்.

குக்கர் அடங்கும்வரை இப்போது தினமும்
ஹால் மொசைக்கில் ஒரு எண்ணாய்க் கிடக்கிறேன்.
ஏழாவது வாரம்.
முழுக்கப் போகவில்லை, படியேறினால் முனகுகிறது.
கெண்டைக்கால் மட்டும் என்னிடம் திரும்பி வந்திருக்கிறது.

நேற்று கல்யாணில் ஏறிய பெண்,
கழுத்தில் புது ஆபீஸ் அட்டை,
நாலாவது சீட்டில் ஒட்டிக்கொண்டாள்.
தானே வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.
பிறகு குனிந்தேன்.
"எதிர்ப் பலகைக்கு மாறு. தினம் ஒரே பக்கம் உட்காராதே."
"ஏன் மாவ்ஷி?"
சொன்னேன். மராத்தியில். அந்த வார்த்தையையே.
பெட்டி திரும்பிப் பார்த்தது.
யாரும் சிரிக்கவில்லை.
ஜன்னலோரம் இருந்தவள் மெல்ல
ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ந்து
கேட்டாள்:
"எந்த டாக்டர்?"