நடுவில்

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
உரக்கடை மாடியில், மூன்றாவது வாரமாக,
ஒற்றை விரலால்
ஒரு லாரியைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

லாரி என்றால் திரையில் ஒரு பச்சைக் கட்டம்.
வண்டி நம்பர், மூட்டைக் கணக்கு, ஈரப்பதம்.
இழுத்துக் கிடங்கின் பெயர்மேல் விட வேண்டும்.
விட்டால் விழுந்தது.
விழுந்ததாகக் கணக்கும் சொன்னது.

எழுத்தர் குமுதவல்லிக்குத்தான் ஒப்பவில்லை.
"ஏம்மா, கையில இருக்கா இல்லையான்னே தெரியல.
பிடிச்ச எடத்துலயே நிக்குது,
விட்டா வேற எடத்துல மொளைக்குது.
நடுவுல எங்கதான் போச்சு அது?"

அந்த 'நடுவுல'வை எடுத்துக்கொண்டு
மறுபடி மாடியேறினேன்.

கட்டத்தின் நிழலை அம்புக்குறியோடு கட்டினேன்,
பாதி தெரிகிற மாதிரி.
கீழ்மூலையில் பிடித்தாலும்
துள்ளி வந்து மேல்மூலையைக் கையில் கொடுத்தது.
ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் ஷெட்டில் சவரிமுத்து
மூட்டையில் கொக்கி போட்டார்.
கொக்கி குத்திய இடத்திலிருந்துதான் மூட்டை திரும்பியது.
உள்ளே வந்து இரண்டு கழித்தல் எழுதினேன்:
தொட்ட புள்ளியிலிருந்து ஓரம் எவ்வளவு தூரம்,
அதை விடும்வரை மறக்காதே.

அடுத்தது சிமிட்டல்.
சுட்டி இம்மி நகர்ந்தாலும்
திரை முழுவதையும் அழித்து வரைந்திருக்கிறேன்,
ஒரு மடை அடைக்க ஊர் வாய்க்காலையே இறைப்பதுபோல.
நிழல் போன தடத்தை மட்டும், அதுவும் மறைவில் வரைந்து
மொத்தமாக முன்னால் வைத்தேன்.
அடங்கியது.

இடம் விடுவதற்குத்தான் நாலு நாள் பிடித்தது.
கட்டம் மேலே வந்ததும் வரிசை விலக வேண்டும்.
விலகியது, எறும்பு கடித்த மாதிரி.
மன்னார்குடி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில்
நாலாவது ஆளைப் பார்த்ததும்
யாரும் எழுவதில்லை.
வருகிறாரா, தாண்டிப் போகிறாரா என்று ஒரு கணம்,
பிறகு இடுப்புகள் மட்டும் நகரும்.
அந்தக் கணத்தை எண்பது மில்லிசெகண்ட் என்று வைத்தேன்.

நிறைந்த கிடங்கு ஒளிராது. ஓரம் சிவக்கும்.
அங்கே விட்டால் கட்டம் வழுக்கித் திரும்பும்,
கிளம்பும்போது வேகம், சேரும்போது தயக்கம்.
அந்த வளைவை எழுதிவிட்டு
எனக்கு நானே ஒரு டீ சொன்னேன்.

குமுதவல்லி வந்து உட்கார்ந்தார்.
மூணாம் நம்பர் கிடங்கு நிறைந்திருந்தது.
வேண்டுமென்றே அங்கே விட்டார். திரும்பியது.
இன்னொரு தடவை. திரும்பியது.
"திரும்பிப் போறது அழகா இருக்கும்மா."
பிறகு, ஜன்னலைப் பார்த்து,
"எங்க திரும்பிப் போவுது?"

அதன் பழைய இடத்துக்கு, என்றேன்.
பழைய இடம் வெண்ணாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்.
தார்ப்பாய் போட்ட ஒன்பது லாரிகள்.
நாலாவதன் அடியில் கைலியில் தூளி கட்டி
டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
கிழக்கே ஐப்பசி கறுத்துக்கொண்டு வந்தது.
திரையில் இருநூறு மில்லிசெகண்ட்.

"எத்தனை நாளா நிக்குதுன்னு அதுலயே எழுதிடு."
எழுதினேன். சின்ன எண், கட்டத்தின் மூலையில்.
பதினொன்று என்றிருந்த ஒன்று
ஒன்று என்றிருந்ததன் அதே லேசில்
கையோடு வந்தது.
கனமாக்கலாமா என்று யோசித்தேன்,
நாளுக்கு ஒரு ஃபிரேம் பின்தங்கும்படி.
பிழை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அவர் பதினொன்றைத் தூக்கினார்.
மூணாம் நம்பர் மேல் கொண்டுபோனார்.
ஓரம் சிவந்தது.
விடவில்லை.
வலது கை சுட்டியை அழுத்தியபடி இருக்க
இடது கை போனில் நம்பர் போட்டது.
"சார், ஒரே ஒரு வண்டி. இல்ல சார், பதினேழுதான்,
காலையில பாத்தப்ப பதினேழுதான்..."

கேட் திறந்து
அரை மணி நேரத்து ஹாரன் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.
நிழல் அங்கேயே நின்றது, பாதி தெரிந்தபடி.
விடாமல் பிடித்திருக்கும் கைக்கு
நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"லைன்லதான் இருக்கேன் சார்," என்றார்.