ஏழாம் ஷரத்து

ஏஜென்சி அனுப்பிய பத்திரம் பதினோரு பக்கம்.
ஏழாம் ஷரத்து ஒன்றுதான் உடனே புரிந்தது:
வாடிக்கையாளரிடம் சொந்த நம்பர் தரக் கூடாது.

நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு.
மீதி அறுபது, அறுபது நாள் கழித்து.

"போட்டுவிடு கையெழுத்தை" என்றாள் மரீத்தெஸ்.
"பெர்மிட் அவர்கள் பாடு, டாக்ஸி அவர்கள் பாடு."
தனியாகப் போன வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தேன்.
மிர்திஃப் வில்லாவில் முப்பது முகம் என்று பேசி
ஐம்பத்திரண்டு வரைந்தது.
அஜ்மானில் வாசல்வரை போன பிறகு
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கதவு சாத்தியது.
போக மட்டும் எழுபது திர்ஹாம்.

தனியாகப் போனதில்தான் இன்னொன்றும்:
கூட்டத்தைக் கண்டு மிரண்ட பையன்
கன்னத்தைத் தராமல் முழங்காலை நீட்டினான்.
ஆமை வரைந்தேன்.
காலை மடக்கினால் தலை உள்ளே போகும்.
மடக்கி, நீட்டி, மடக்கி,
கேக் வெட்டியதை அவன் பார்க்கவேயில்லை.

நேற்று சோதனை நாள்.
அவர்கள் பனியன், அவர்கள் பெயர்,
தோளுக்குப் பின்னால் மேற்பார்வைக்கு ஷமீல்.
"உங்க நம்பர்?" என்றாள் ஒரு தாய், மெல்ல.
சிரித்து வைத்தேன்.
அவள் மகள் கேட்டது புலி.

தாடையோரக் கோடுகள் கொஞ்சம் வளைந்தன,
பூஜ்யம், ஐந்து, ஐந்து...
ஷமீல் கட்டைவிரலை உயர்த்தினான்.
நல்ல புலியாம்.

ராத்திரி, அல் நஹ்தா.
தூரிகைகளை அலசுகிறேன், தண்ணீர் ஆரஞ்சு.
பத்திரத்தின் மேல் பேனா, பக்கத்தில் போன்.
குளிப்பாட்டுமுன்
அந்த முகத்தை யாராவது படித்தார்களா?