இடப்பக்கம்

மூன்றாம் தரமும் கொண்டுவந்துவிட்டார்
முத்தையன்கட்டுப் பரராசசிங்கம்,
சைக்கிள் கரியரில் தறப்பாளால் சுற்றி
ரியூப்பால் இறுக்கிக் கட்டி,
பதினாறு கிலோப் பயனியரை.
"இடப்பக்கம் இன்னும் பேசேல்ல, தங்கச்சி."

முதல் தரம் நம்பினேன்.
நம்பாமல் எப்படி?
மூடியைக் கழற்ற உள்ளே செம்மண்,
குளவிக்கூடு, நாலு பல்லிமுட்டைக் கோது.
யூரியாப் பைக்குள் போட்டுத் தாட்டவராம்.
திரும்பி வந்து கிண்டினால்
பெட்டி இருந்தது, மேலே வீடு இல்லை.
அதைச் சொல்லும்போதும் அவர் கண்
என் ஸ்குரூ ட்றைவரில்தான்.

இப்படியான பெட்டிக்கு நேரே கரண்ட் கொடுக்கக்கூடாது.
அறுபது வாற்ஸ் பல்பைத் தொடரில் போட்டேன்.
பளிச்சென்று எரிந்துகொண்டே நின்றால் எங்கோ ஷோட்.
எரிந்து, சிவந்து, மெல்ல அடங்கினால்
பெட்டி மூச்சு விடுகிறது.
அடங்கியது.
ஐந்து எண்ணுமுன் றிலே 'டக்' என்றது.
அந்த ஒரு 'டக்'குக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்,
சோற்றுக்கு ஃபோன் கண்ணாடி மாற்றுகிறேன்.

ஊதிப்போன கப்பாசிற்றர் இரண்டு, டயல் பல்ப் ஒன்று.
பலன்ஸ் குமிழுக்குள் கிளீனர் அடித்து
முப்பது தரம் அங்காலும் இங்காலும் திருகக்
கரகரப்புப் போச்சு.
இரண்டு பக்கமும் பாடியது.
என் காதால் கேட்டேன்.

இரண்டாம் தரம் என்னையே சந்தேகித்தேன்.
பூதக்கண்ணாடிக்குக் கீழே
ஈயப் பொட்டு ஒன்றைச் சுற்றி மோதிரம்போல் மயிர்வெடிப்பு.
"பிடிச்சிட்டன்!" என்று கத்திய கத்தில்
பக்கத்துக் கடைச் சுலோசனா தேத்தண்ணியோடு ஓடிவந்தாள்.
உருக்கினேன். எண்ணூறு ரூபா வாங்கினேன்.
மீற்றர் சொன்னது:
இடது பதினொரு மில்லிவோல்ற், வலது பதினாலு.
இடதுதான் திறம்.

இன்று பெட்டியைத் திறக்கவேயில்லை.
ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவில்
பிளாஸ்ரிக் கதிரையில் அவரை இருத்தினேன்.
எஃப்.எம்மில் நாதஸ்வரக் கச்சேரி.
"எது இல்லை?"
"இது." இடக்கை.
வயர்களை மாற்றிச் செருகினேன்.
பெட்டியில் பிழையென்றால் பிழை பக்கம் மாறவேண்டும்.
"இப்ப?"
"அதே பக்கம்தான்."
ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்தேன்.
"அதே பக்கம்."

இனி மாற்ற என்ன இருக்கிறது?
கதிரை இருக்கிறது.
"அண்ணை, ஒருக்கா றோட்டைப் பார்த்து இருங்கோ."
இருந்தார். பெட்டிக்கு இப்போது முதுகு.
"இப்ப?"
இடக்கையைத் தூக்கினார்.
அது மற்ற ஸ்பீக்கரைக் காட்டியது.
தூக்கிய கை கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

ஒட்டுசுட்டான் சந்தியில் முல்லைத்தீவு பஸ் ஹோன் அடிக்க
வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.
பஸ் இடப்பக்கம் நின்றது.

எந்தச் செல், எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை.
பிழை பிடித்தால் கத்துகிறவள்,
ஈயச் சுருளைச் சுற்றிக்கொண்டு இருந்தேன்.
"மனிசி ஏசுறவ," என்றார்,
"கூப்பிட்டாக் கேளாதமாதிரி நடிக்கிறன் எண்டு.
வீட்டில அவ இடப்பக்கம்தான் படுக்கிறவ."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

பெட்டியின் முகத்தில் ஒரு பொத்தான், மோனோ.
ஒருவரும் தொடாததால் எழுத்து அழியாமல் இருந்தது.
அமத்தினேன்.
"தவில் கிட்ட வந்திட்டுது," என்றார்.

எண்ணூறு ரூபாவைத் திருப்பி நீட்டினேன்.
"வேண்டாம் தங்கச்சி,
அந்த வெடிப்பு உண்மையா இருந்ததுதானே."
கட்டி முடித்து ஏறி மிதித்தார்.

தறப்பாள் நுனி சில்லுக்குள் போகப்போகிறது என்று
வாசலில் நின்று கத்தினேன்.
திரும்பவில்லை.
செருப்பும் போடாமல் ஓடிப்போய்
அவருக்கு வலப்பக்கம் நின்று
இன்னொருக்கால் கத்தினேன்.