அரை ராத்தல்

கோத்தகிரியில் ஜூன் மாதம்
மாவு எழும்பாது.
அடுப்பு மேடையில் ஏற்றிவைத்து
என் பழைய ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டு
பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காவல்போல.

முதலாளி மகள் நித்யஷோபா
சியோலில் ஏதோ ஒரு கடையை
போனில் இருபது தடவை பார்த்துவிட்டு வந்தாள்.
இனி வர்க்கி காலையில் மட்டும்,
பத்து மணிக்கு மேல் சாண்ட்விச் என்றாள்.

பாலும் சர்க்கரையும் குடித்த மெத்து ரொட்டி,
நான்கு ஓரமும் அரிந்து எறிந்தது.
உள்ளே கிரீம்.
கிரீமுக்குள் நான்கு ஸ்ட்ராபெரி,
நுனியெல்லாம் ஒரே பக்கம்.
கத்தி எங்கே இறங்கும் என்று
முன்கூட்டியே தெரிந்து படுக்கவேண்டும் பழம்.
வெட்டின முகத்துக்குத்தான் காசு அக்கா,
என்றாள்.
நூற்றெண்பது ரூபாய் முகம்.

முகம் தெரியக் கண்ணாடித்தாள் வேண்டும்.
அதைக் குஞ்சப்பனை சோதனைச் சாவடியிலேயே
பிடுங்கிக்கொள்வார்கள்.
வெண்ணெய்த்தாளில் சுற்றினோம்.
மேலே சிவப்புப் பேனாவால்
ஸ்ட்ராபெரி வரைந்தேன்.
மிளகாய்மாதிரி வந்தது.
அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள்
கோடநாடு போகிற கார்க்காரர்கள்.

அரிந்த ஓரங்கள் ஒரு பைக்கு என்னிடம் சேரும்.
ஆறு மணிக்கு ராத்திரி ஷிப்ட் முடித்து
டீ பேக்டரியிலிருந்து தெய்வேந்திரன் வருவார்,
சட்டையில் பாய்லர் வாசம்.
'அரை ராத்தல் பாண் இருக்கா?'
ஒன்பது வயதில் கப்பலில் வந்தவர்.
பெட்டியில் வராத அந்தச் சொல்
வாயில் வந்துவிட்டது.
பிரெட் என்று சொல்லுங்க அண்ணே,
பையன்கள் சிரிப்பார்கள்.
அவரும் சிரிப்பார், மறுநாளும் பாண் என்பார்.
ஓரப்பையை நீட்டுவேன்.
டீயில் முக்கினால் பாயசம் என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஒரகடத்துக் கம்பெனி வண்டியில்
கொரியாக்காரர் ஒருவர், மனைவி, சின்னப் பெண்.
நித்யஷோபா தலையைக் கோதிக்கொண்டாள்.
கும்பிட்டாள், பிறகு நினைவு வந்து குனிந்தாள்.
அந்தப் பெண் கண்ணாடி அலமாரியில்
மூக்கை ஒட்டிக்கொண்டு கத்தியது:
ப்பாங்!

ஓரப்பையோடு வாசலில் இறங்கப்போன தெய்வேந்திரன்
யாரோ கூப்பிட்டதுபோல்
திரும்பிப் பார்த்தார்.
குழந்தை இன்னொரு தடவை சொன்னது.
இவர் தன் பையைத் தூக்கிக் காட்டி, பாண், என்றார்.
அது தலையாட்டியது.
அவ்வளவுதான்.
கைகுலுக்கல் எல்லாம் இல்லை.
அவருக்குத் தூக்கம் வந்துவிட்டிருந்தது.

எந்தக் கப்பல்காரனோ
இரண்டு கரையிலும் இறக்கிவிட்டுப்போன சரக்கு,
போனைத் தடவிப் பார்த்து
போர்ச்சுகீசு என்றாள் நித்யஷோபா.
அப்புறம் அவள் பேசவில்லை.
சாண்ட்விச்சை ஒரு கடி கடித்து
மரியாதையாகத் தாளில் மடித்துவைத்துவிட்டு
அரை கிலோ வர்க்கி வாங்கிப் போயிருந்தார்கள்.

அன்று ராத்திரி கரடி வந்தது.
பின்பக்கத் தகரக் கதவு
சப்பாத்திபோல் மடங்கிக் கிடந்தது.
வர்க்கி டின் இரண்டு காலி.
கிரீம் வாளியில் நாக்கு போகாத மூலையே இல்லை.
மைதாவில் மிதித்த கால்தடம்
கல்லாவரை போய்
அங்கே எதுவும் பிடிக்காமல் திரும்பியிருந்தது.
ஓரப்பையைப் பையோடு
தூக்கிப்போய்விட்டது.

ஆறு மணி.
பாய்லர் வாசம் வந்து நின்றது.
பை இல்லை என்று எப்படிச் சொல்ல.
அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய
சாண்ட்விச் ரொட்டியை எடுத்தேன்,
இன்னும் யாரும் முகம் வெட்டாதது.
அரை ராத்தல் என்றால் எவ்வளவு அண்ணே?
தராசைப் பார்க்காமல்
இரண்டு கைகளையும்
இவ்வளவு, என்று விரித்து,
கொஞ்சம் யோசித்து
இன்னும் கொஞ்சம் விரித்தார்.

அந்த அளவுக்கு வெட்டினேன், ஓரத்தோடு.